திருகோணமலையில் புதிய வாகனம் வாங்கியவர்களுக்கு: முகவர் நிலையச் சேர்விஸை எதிர்கொள்வது எப்படி?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர், என் உறவினரிலும் அயலவரிலும் சிலர் வாழ்க்கையில் முதன்முறையாகப் புத்தம்புதிய வாகனம் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். அதுவரை பழைய வாகனத்தை வைத்துக்கொண்டு, தெரிந்த கராச்சில் தெரிந்த பாஸிடம் காட்டிப் பழகியவர்கள் இவர்கள். கராச்சில் நாம் யாரிடம் குறையைச் சொல்கிறோமோ அவரே வாகனத்தைத் திறந்து பார்க்கிறார். முகவர் நிலையத்தில் அப்படியில்லை. முன்மேசையில் இருப்பவர் ஒருவர், பின்னால் வேலை செய்பவர் இன்னொருவர், சிட்டை எழுதுபவர் மூன்றாமவர். நாம் வாயால் சொன்னது முதலாமவரிடமே நின்றுவிடுகிறது. செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் தாளான ஜொப் கார்டில் எழுதப்பட்டது மட்டுமே வாகனத்தோடு உள்ளே போகிறது. புதிய வாகனம் வாங்கியவர்கள் படும் மனவருத்தங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டை அறியாததால் வருகின்றன என்பது என் உறுதியான எண்ணம். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

நான் வாங்கிய சிறிய காருக்கு முதலாவது சேர்விஸ் முடிந்து மூன்றாம் நாள், வீட்டு முன்றலின் சீமெந்துத் தரையில் ஒயில் கறை தெரிந்தது. திருப்பிக் கொண்டுபோய் "ஒயில் ஒழுகுகிறது" என்றேன். கார்டில் "பொதுப் பரிசோதனை" என்று எழுதி, அடிப்பகுதியைக் கழுவி, ஒயில் மாற்றும்போது சிந்தியதுதான் வடிந்திருக்கிறது என்று கூறி அனுப்பினார்கள். அடுத்த வாரமும் கறை இருந்தது. அடுத்த முறையும் அதே பதில் கிடைத்தது. மூன்றாம் முறை போவதற்கு முன்னர், இரவில் காரின் அடியில் புதிய காட்போட் மட்டை ஒன்றை விரித்து, காலையில் விழுந்திருந்த நான்கு சொட்டுகளையும் திகதியுடன் படமெடுத்தேன். கார்டில் என் கைப்படத் தமிழில் இப்படி எழுதினேன்: "ஒயில் மாற்றிய மூன்றாம் நாளிலிருந்து, எஞ்சினின் அடியில் ஒயில் வடிக்கும் நட்டு இருக்கும் இடத்துக்கு நேர்கீழே சொட்டுகிறது, ஓர் இரவில் நான்கு சொட்டு." அன்று வாகனத்தை உயர்த்திப் பார்த்த தம்பி என்னை உள்ளே அழைத்தே காட்டினார். நட்டைக் கழற்றும்போது மாற்றியிருக்க வேண்டிய வொஷரை மாற்றாமல், நசுங்கிய பழையதையே போட்டு இறுக்கியிருந்தார்கள். புதிய வொஷர் போட்டு முடிக்கக் கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. அந்தக் கால் மணித்தியால வேலைக்கு நான் மூன்று அரைநாள் விடுப்பு எடுத்திருந்தேன்.

இந்த அலைச்சல் இன்னொருவருக்கு வரக்கூடாது என்பதற்காகவே, வாங்குவதற்கு முன்னிருந்து முறைப்பாடு செய்வது வரைக்கும் உள்ள படிகளை இங்கே எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்னர்

விலையையும் லீசிங் தவணையையும் பேசும் அதே மேசையில், சேர்விஸ் எங்கே நடக்கும் என்பதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நகரத்தில் விற்பனைக் காட்சியறை இருப்பதால் மட்டும் இங்கேயே எல்லா வேலையும் செய்வார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒயில் மாற்றுவது போன்ற சாதாரண வேலைகளை இங்கே செய்துவிட்டு, உத்தரவாதத்தின் கீழ் வரும் பெரிய திருத்தங்களுக்கு வாகனத்தை வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோகச் சொல்லும் முகவர்களும் உண்டு. கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஓடாத வாகனத்தை அங்கே ஏற்றிச் செல்லும் செலவு யாருடையது என்பதை வாங்கும் முன்னரே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வாங்கிய பின்னர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாருக்கும் அவசரம் இருக்காது.

இரண்டாவதாக, வாகனம் எந்த வழியாக வந்தது என்பதை அறியுங்கள். உற்பத்தி நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட முகவர் கொண்டுவந்த வாகனத்துக்கும், தனியார் இறக்குமதியாளர் ஜப்பானிலிருந்து எடுத்துவந்து விற்கும் வாகனத்துக்கும் உத்தரவாதம் ஒன்றாக இருப்பதில்லை. பின்னையதில் பெரும்பாலும் விற்றவர் தரும் உத்தரவாதமே உங்களுக்கு இருக்கும். அதே பெயர்ப் பலகையைத் தாங்கிய முகவர் நிலையத்துக்குப் போனால், இது எங்கள் வழியாக வந்த வாகனம் அன்று என்று கூறிவிட அவர்களுக்கு இடமிருக்கிறது.

மூன்றாவதாக, "இலவச சேர்விஸ்" என்ற சொல்லைப் பிரித்துக் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் அது கூலி மட்டுமே இலவசம் என்பதைக் குறிக்கிறது. ஒயில், ஒயில் பில்டர், சுத்திகரிக்கும் திரவங்கள் ஆகியவற்றுக்கு நீங்கள் பணம் செலுத்த வேண்டும். இதை முன்கூட்டியே அறியாதவர்கள், முதல் சிட்டையைக் கண்டதும் ஏமாற்றப்பட்டதாக நினைத்துக் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் அதன் பின்வரும் நியாயமான முறைப்பாடுகளையும் பலவீனப்படுத்திவிடுகிறது.

வாகனத்தைப் பொறுப்பேற்கும் நாள்

பகல் வெளிச்சத்தில் மட்டும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் ஆவணங்களுடன் நீங்களே ஒப்பிடுங்கள். திறப்புகள் இரண்டும் இருக்கின்றனவா, உத்தரவாதப் புத்தகத்தில் தொடங்கும் திகதி எழுதி முத்திரை இடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் அழுத்தப்பட்டிருக்கும்; 2324 என்றிருந்தால் அந்த ரயர் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். நெடுநாள் வெயிலில் நின்ற வாகனமா என்பதை ஓரளவுக்கு இதிலிருந்து ஊகிக்கலாம். பற்றரிக்கும் ரயருக்கும் பெரும்பாலும் தனி உத்தரவாதம் உண்டு என்பதால் அவற்றுக்குரிய அட்டைகளைக் கேட்டு வாங்குங்கள்.

கீறல், பொருந்தாத கதவு, எரியாத விளக்கு என்று எது தென்பட்டாலும், "பிறகு முதல் சேர்விஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற ஆறுதலை ஏற்காமல், பொறுப்பேற்புப் படிவத்திலேயே எழுதிவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

முதல் வாரங்களில் குறிப்பெடுப்பது

சிறிய குறிப்புப் புத்தகம் ஒன்றை வாகனத்திலேயே வைத்திருங்கள். ஏதாவது வித்தியாசமாகத் தோன்றினால், என்ன பழுது என்று நீங்கள் முடிவுசெய்ய வேண்டாம். கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். எத்தனை கிலோமீற்றர் ஓடியிருந்தது, என்ன வேகம், எஞ்சின் குளிர்ந்திருந்ததா சூடாக இருந்ததா, மழையா வெயிலா, பிறேக் பிடிக்கும்போதா விடும்போதா என்ற விவரங்களே வேலை செய்பவருக்கு வழிகாட்டுகின்றன. "கியர்பொக்ஸ் பழுது" என்று நீங்கள் எழுதினால், அதைச் சோதித்துப் பழுதில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். "காலையில் முதல் ஐந்து நிமிடம், மணிக்கு இருபது கிலோமீற்றர் வேகத்தில், இடப்பக்கம் திரும்பும்போது முன்பக்கத்திலிருந்து டக்டக் என்று சத்தம் வருகிறது" என்று எழுதினால், அந்தச் சத்தத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். சத்தங்களைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து வைத்துக்கொள்வது மிகவும் பயன்படும். முகவர் நிலைய வாசலுக்கு வந்தவுடன் சத்தம் நின்றுவிடுவதை அனுபவப்பட்ட அனைவரும் அறிவார்கள்.

எங்கள் ஊருக்கே உரிய சில விடயங்களை இங்கே சொல்ல வேண்டும். கடலோரத்தில் இரவு முழுவதும் நின்ற காரின் பிறேக் தட்டில் காலையில் மெல்லிய துரு படிந்திருப்பது இயல்பானது. முதல் நாலைந்து முறை பிறேக் பிடித்ததும் அந்தக் கரகரப்புப் போய்விடும். போகாமல் நாள் முழுவதும் தொடர்ந்தால் அது குறை, எழுதுங்கள். அதேபோல், கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதி எயார் பில்டரை விரைவாக அடைத்துவிடுகிறது. பெரும்பாலான கைந்நூல்களில், சாதாரணப் பாவனைக்கு ஓர் அட்டவணையும், புழுதி வீதி, குறுந்தூர ஓட்டம், கடும் வெப்பம் ஆகியவற்றைக் கொண்ட கடினமான பாவனைக்கு வேறோர் அட்டவணையும் இருக்கும். முன்மேசையில் முதலாவதைத்தான் சொல்வார்கள். குச்சவெளிப் பக்கத்து மணல் ஒழுங்கைகளில் நாளாந்தம் ஓடும் ஸ்கூட்டருக்கு எது பொருந்தும் என்பதை நீங்கள் கைந்நூலைத் திறந்து காட்டிக் கேட்க வேண்டும்.

உள்வயரிங்கை வெட்டிப் பொருத்தும் அலாரம், மேலதிக விளக்கு, ஒலிபெருக்கி ஆகியவற்றை உத்தரவாதக் காலம் முடியும் வரை தள்ளிவையுங்கள். மின்சாரக் கோளாறு ஒன்றுக்காகப் போகும்போது, உத்தரவாதத்தை மறுக்க அவர்கள் முதலில் தேடுவது வெட்டி ஒட்டப்பட்ட வயரைத்தான்.

திகதி எடுப்பது

முதலாவது சேர்விஸுக்குக் கிலோமீற்றர் எல்லையும் நாள் எல்லையும் இருக்கும். எது முந்துகிறதோ அதுவே கணக்கு. மோட்டார் சைக்கிளுக்கு அது பெரும்பாலும் 500 முதல் 1000 கிலோமீற்றருக்குள் வந்துவிடும். குறைவாக ஓடுபவர்கள் கிலோமீற்றரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்து நாளைத் தவறவிடுகிறார்கள். அடுத்த முறை பெரிய பழுது ஒன்று வரும்போது அந்தத் தவறு அவர்களுக்கு எதிராகப் பேசப்படும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நீங்கள் உரிய நாளுக்கு முன்னரே அழைத்தும், இடமில்லை என்று இரண்டு வாரம் தள்ளித் திகதி தந்தால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். "இன்று அழைத்தேன், உங்களிடம் இடமில்லாததால் இந்தத் திகதி தரப்பட்டது, உத்தரவாதம் இதனால் பாதிக்கப்படாது என்பதை உறுதிசெய்யவும்" என்று அந்த நிலையத்தின் வட்ஸ்அப் இலக்கத்துக்கோ மின்னஞ்சலுக்கோ அன்றே அனுப்பிவிடுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் கேட்டதற்குச் சான்று இருக்கும்.

புல்மோட்டையிலிருந்தோ மூதூரிலிருந்தோ வருபவர்கள், தேவையான பாகம் கையிருப்பில் இருக்கிறதா என்பதை முதல் நாள் கேட்டு உறுதிசெய்துகொண்டே புறப்பட வேண்டும். திருகோணமலை நகரத்திலிருந்து புல்மோட்டை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். ஒரு சிறிய பாகம் கொழும்பிலிருந்து வரவில்லை என்பதற்காக அந்தத் தூரத்தை வெறுங்கையோடு திரும்பிப் போகும் வேதனை பெரிது. மூதூரில் ஆசிரியையாக இருக்கும் என் மச்சாள் தன் ஸ்கூட்டருக்காக இப்படி இரண்டு முறை வந்து திரும்பினார். பாடசாலை விடுப்பும் பெற்றோலும் போனதைவிட, "நாளைக்கு வந்துவிடும்" என்று சிரித்துக்கொண்டே பொய் சொன்னதுதான் அவரை அதிகம் புண்படுத்தியது.

வாகனத்தை ஒப்படைக்கும் நேரம்: இதுவே முக்கியமான படி

காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கே போங்கள். பத்து மணிக்குப் பின்னர் முன்மேசையில் நெரிசல் கூடிவிடும். நெரிசலில் எழுதப்படும் கார்டில் இரண்டு சொல்லுக்கு மேல் இருக்காது.

ஜொப் கார்ட் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ அச்சிடப்பட்டிருக்கும். விளங்காத தாளில் கையொப்பமிடக் கூடாது என்பது யாவரும் அறிந்ததே. ஆனாலும் பின்னால் நால்வர் காத்து நிற்கும்போது கேள்வி கேட்கக் கூச்சப்பட்டு, காட்டிய இடத்தில் ஒப்பமிட்டுவிட்டு வருகிறோம். கூச்சப்பட வேண்டியதில்லை. "தம்பி, இதில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று வாசித்துக் காட்டுங்கள்" என்று அமைதியாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. உங்கள் குறையை அவர்கள் சுருக்கி எழுதியிருந்தால், கீழே மிஞ்சியிருக்கும் இடத்தில் நீங்களே தமிழில் முழுமையாக எழுதுங்கள். இடமில்லையென்றால் வேறொரு தாளில் எழுதி, கார்டுடன் இணைக்கச் செய்து, இரண்டையும் சேர்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். குறைகள் பல இருந்தால் இலக்கமிட்டு எழுதுங்கள். திருப்பி எடுக்கும்போது ஒவ்வோர் இலக்கத்துக்கும் என்ன செய்தார்கள் என்று கேட்க அது உதவும்.

கார்டில் மேலும் மூன்று விடயங்கள் இருக்க வேண்டும். ஓடிய கிலோமீற்றர், எரிபொருள் அளவு, ஏற்கெனவே உள்ள கீறல்கள் என்பன ஒன்று. முடித்துத் தரும் திகதியும் நேரமும் இரண்டாவது. "என்னைக் கேட்காமல் பணம் அறவிடும் மேலதிக வேலை எதுவும் செய்ய வேண்டாம்" என்ற வாக்கியம் மூன்றாவது. எஞ்சின் உட்புறச் சுத்திகரிப்பு, மெருகூட்டல், ஒயிலில் சேர்க்கும் மேலதிகத் திரவம் என்று கைந்நூலில் இல்லாத பலவும் சிட்டையில் ஏறிவிடுவது வழக்கம். இந்த ஒரு வாக்கியம் அவற்றைத் தடுத்துவிடும். அடிப்பகுதிக்குத் துருக்காப்புப் பூசுவதை மட்டும் நான் வீண் என்று சொல்ல மாட்டேன். உப்புக் காற்றில் அது பயனுள்ளது. ஆனால் நீர் வடியும் துளைகளை அடைத்துவிடாமல் பூசத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டும், உத்தரவாதத்தைப் பாதிக்காது என்பதையும் எழுதித் தர வேண்டும்.

ஓடும்போது மட்டும் வரும் குறையாக இருந்தால், ஒப்படைப்பதற்கு முன்னரே ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு ஓட்டிக் காட்டுங்கள். முற்றத்தில் இருபது அடி உருட்டிப் பார்ப்பது சோதனையாகாது. நிலாவெளி வீதியில் ஏறி அந்தக் குறை வரும் வேகத்தை எட்டும் வரை ஓட்டி, அவர் காதால் கேட்ட பின்னர், அதைக் கார்டில் அவரையே எழுதச் செய்யுங்கள்.

திருப்பி எடுக்கும் நேரம்

பணம் செலுத்துவதற்கு முன்னர் சிட்டையை வரிவரியாகப் பாருங்கள். மாற்றியதாக எழுதப்பட்ட பாகங்களின் பழையவற்றைக் கேளுங்கள். நீங்கள் பணம் கொடுத்து மாற்றிய பாகம் உங்களுடையது. உத்தரவாதத்தின் கீழ் இலவசமாக மாற்றப்பட்ட பாகத்தை மட்டும் நிறுவனம் தானே வைத்துக்கொள்ளும், அதை விட்டுவிடலாம். ஒயில் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். அளவு இரண்டு குறிகளுக்கும் இடையில் இருக்க வேண்டும், குறைவு போலவே மிகையும் கேடு. ஓடிய கிலோமீற்றரை, ஒப்படைத்தபோது கார்டில் எழுதியதுடன் ஒப்பிடுங்கள். சேர்விஸ் புத்தகத்தில் முத்திரையும் திகதியும் இட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். முத்திரையில்லாத சேர்விஸ் நடக்காத சேர்விஸாகவே பின்னர் கருதப்படும்.

"வேலை திருப்தி" என்ற இடத்தில் ஒப்பமிடுவதற்கு முன்னர் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். குறை தீரவில்லையென்றால், "இலக்கம் 2இல் எழுதிய குறை தீரவில்லை" என்று எழுதிவிட்டு ஒப்பமிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் முதல் மூன்று இரவுகளும் அடியில் மட்டை விரித்து வையுங்கள். என்னைக் காப்பாற்றியது அந்த மட்டைதான்.

அதே குறை திரும்பி வந்தால்

புதிய கார்டில் பழைய கார்டின் இலக்கத்தைக் குறிப்பிடச் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அது முதன்முறை வந்த குறையாகவே பதிவாகும். இரண்டாம் முறையும் தீராவிட்டால் முன்மேசையோடு பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. சேர்விஸ் முகாமையாளரைக் கேளுங்கள். உள்ளே வேலை செய்யும் இளைஞர்கள் மீது சினத்தைக் கொட்டாதீர்கள். நேரக் கணக்கு வைத்து நாளொன்றுக்கு இத்தனை வாகனம் என்று அவர்களை நெருக்குபவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். எனக்கு உண்மையைக் காட்டியவரும் அவர்களில் ஒருவர்தான்.

முகாமையாளராலும் ஆகாவிட்டால் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வாங்கிய திகதி, செசி இலக்கம், ஒவ்வொரு கார்டின் இலக்கமும் திகதியும், குறை என்ன, நீங்கள் கேட்பது என்ன என்பவை ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். பதினான்கு நாள் அவகாசம் கொடுங்கள். வாகனம் லீசிங்கில் இருந்தால், கராச்சில் நின்றாலும் தவணை நிற்காது. கோபத்தில் தவணையை நிறுத்துவது உங்களுக்கே தீங்காக முடியும்.

அதற்கும் பதிலில்லையென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்தச் சபை, கொடுத்த உத்தரவாதத்துக்கு இணங்காத பொருளைப் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழிகேட்கலாம். மாவட்டச் செயலகத்தில், நாங்கள் இன்றும் கச்சேரி என்று சொல்லும் அதே இடத்தில், அதன் மாவட்ட அலுவலகத்தை விசாரியுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். "அடுத்த சேர்விஸில் பார்ப்போம்" என்ற பேச்சில் இந்த மூன்று மாதமும் எளிதாகக் கரைந்துவிடும். ஆகவே முகவருடன் பேச்சு நடந்துகொண்டிருந்தாலும், இரண்டாவது மாதம் முடிவதற்குள் முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். கார்டுகள், சிட்டைகள், படங்கள், கடிதம், தபால் பற்றுச்சீட்டு எல்லாவற்றினதும் பிரதிகளை மட்டும் கையளித்து, மூலங்களை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கையளித்த நாளையும், பெற்றுக்கொண்ட அலுவலரின் ஒப்பத்தையும் உங்கள் பிரதியில் வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.